மூன்றாம் எண் அறையின் ஷவர்

எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். ஷவர் அடைப்பு எடுத்ததைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் கட்சால் தீவுக்காரர் ஆயிற்றே, சுனாமியைப் பற்றி ஏதாவது எழுதலாமே என்று இழுத்தார். சுனாமியைப் பற்றிப் போன மலரிலேயே ஐந்து பேர் எழுதிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அந்த வாரம் மெயின்லாந்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தவர்கள். நான் அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் பிளம்பராக இருந்தவன். குளியலறையை விட்டால் நான் எதைப் பற்றி எழுதுவது? போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு போன். போன மாதம் பரமேஸ்வரி கூப்பிட்டாள். எங்கள் துறையின் விருந்தினர் இல்லத்தில் அறை உதவியாளராகச் சேர்ந்து, இப்போது அந்த இல்லத்துக்கே கேர்டேக்கராக இருப்பவள்.

"அண்ணே, மூணாம் நம்பர் ஷவர் மறுபடியும் அடைச்சுக்கிச்சு. ரெண்டு பையங்க வந்தானுங்க, மேல கீழ பார்த்தானுங்க, போன்ல எதையோ அமுக்கிட்டுப் போயிட்டானுங்க. பார்த்தா, தப்பு என் தலையில வந்து விழுந்திருக்கு" என்றாள்.

இப்போதெல்லாம் புகார் புத்தகம் கிடையாது. செல்போனில் ஒரு செயலி. பழுதைப் படம் எடுத்துப் போட்டால், கீழே காரணம் என்று ஒரு கட்டம் வரும். அதில் நான்குதான் இருக்கும்: பொருள் தேய்மானம், தண்ணீர் வரத்துக் குறைவு, பயன்படுத்துவோர் அலட்சியம், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டால் என்ன ஏது என்று விளக்கி எழுதச் சொல்லும். அதற்கு யாருக்குப் பொறுமை? அதனால் தீவு முழுக்க இருக்கிற அத்தனை அரசாங்கக் குழாய்களும் அலட்சியத்தால்தான் பழுதாகின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பையன்களைத் திட்ட வாய் வரவில்லை. அதே தப்பை அதே அறையில் நான் செய்திருக்கிறேன். நான் செய்தது காகிதத்தில், என் கையெழுத்தோடு.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அம்மா பால் உறைய வைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். தண்ணீருக்குள்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது எனக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரியும். பிறகு போர்ட் பிளேயரில் ஐ.டி.ஐ., இரண்டு வருடம் மூத்த பிட்டருக்குப் பின்னால் பைப் ரெஞ்ச் தூக்கிக்கொண்டு நடந்தது, பிறகு வேலை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. இவ்வளவுதான்.

ஷவர் அடைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், அதுவும் கொஞ்ச நேரம். இதை மீட்டா பானி என்போம், இனிப்புத் தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவும்தான். மற்றதற்கெல்லாம் கிணறு. விருந்தினர் இல்லத்தின் கிணறு கடலோரச் சரிவில் இருந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் ஒரு நாள் நின்றால் விளிம்பில் வெள்ளையாகக் கோடு போடும். அதே வெள்ளைதான் ஷவரின் ஒவ்வொரு துளையிலும் பூக்கும். முதலில் தண்ணீர் கோணலாகப் பீச்சும், பிறகு சுவரை மட்டும் நனைக்கும், கடைசியில் நான்கே நான்கு நூலாக வடியும். கீழே நிற்கிற ஆள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு குளிக்க வேண்டும்.

இதை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இப்போதைய ஆட்களைக் கேட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டு என்பார்கள். இல்லாவிட்டால் கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை ஊற்றுவார்கள். பொங்கிக்கொண்டு வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் மேலே இருக்கிற வெள்ளிப் பூச்சும் சேர்ந்து போய் ஷவர் கறுத்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் இது யாருக்கும் ஏறியதில்லை.

முதலில் தண்ணீர் வரத்தை நிறுத்துகிற ஆங்கிள் காக்கை மூட வேண்டும். ஷவரின் கழுத்தில் ஒரு பழைய துணியைச் சுற்றி, அதன் மேல்தான் ஸ்பேனரைப் போட வேண்டும். இல்லையென்றால் பல் பதியும். கழற்றியதும் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், தரையில் வைத்தால் சாக்கடைக்குள் போய்விடும். பிறகு ஊற வைப்பது. அதற்கு நான் பிலிம்பிக்காய்தான் வைத்துக்கொள்வேன். மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தொங்குமே, ஊறுகாய் போடுகிற புளிப்புக் காய், அது. இடித்துச் சாறெடுத்து, கிண்ணத்தில் ஊற்றி, ஷவரை முகம் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். காலை டீக்கு வைத்தால் சாப்பாட்டு நேரத்துக்கு எடுக்கலாம். உப்பு பல்லிடுக்கு அழுக்கு மாதிரி இளகி வரும். அதன் பிறகு ஊசி. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். ஊசியை உள்பக்கத்திலிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் அந்த உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு நாளில் திரும்ப அடைக்கும். மாட்டுவதற்கு முன் வெறும் குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் விட வேண்டும். மரையில் டேப்பை மரை போகிற பக்கமே சுற்ற வேண்டும். முடிந்தது.

இனி என் மேலதிகாரி. ஜூனியர் இன்ஜினியர் மண்டல், வங்காளக் குடியேற்றக் குடும்பத்துக்காரர். மெலிந்த ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதைச் சொல்லிக்கொண்டு போய் நின்றாலும் முழுவதையும் கேட்பார், பேனா மூடியைக் கழற்றுவார், "லிக் கே தோ" என்பார். எழுதிக் கொடு என்று அர்த்தம். பைப் வெடித்து ரோட்டில் ஆறு ஓடுகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும் லிக் கே தோ. காய்ச்சல் என்றாலும் லிக் கே தோ. எங்கள் ஆட்களுக்குள் அவருக்குப் பெயரே லிக்கேதோ சாப். புகார் சீட்டில் காரணம் என்ற பத்தி காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். காரணம் தெரியாவிட்டால் என்ன எழுதுவது என்று ஒரு தடவை கேட்டேன். தெரிகிற வரை பார்த்துவிட்டு எழுது என்றார். நியாயமான பேச்சுதான், ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து சீட்டு வைத்திருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சீசனில் மெயின்லாந்து அதிகாரிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குழு கப்பல் ஏறுவதற்குள் அடுத்தது விமானத்தில் இறங்கும். விருந்தினர் இல்லத்தில் மூன்றாம் எண்தான் பெரிய அறை, பெரிய சாபுக்கு, அதாவது வருகிறவர்களில் மூத்த அதிகாரிக்கு, அதுதான். அந்த ஷவர் அடைத்துக்கொண்டது. போனேன். முறைப்படி கழற்றி, ஊறவைத்து, குத்தி, மாட்டினேன். மழை மாதிரி கொட்டியது. கிளம்பும்போது பரமேஸ்வரி வாசலில் நின்றுகொண்டு, அண்ணே, அந்த கீசருக்குள்ளே வடை பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றாள். கீசர் கரண்ட்காரர்கள் சாமான், அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒன்பது சீட்டு பாக்கி இருந்தது.

ஆறாம் நாள் மறுபடியும் புகார். போய்க் கழற்றினால், இந்தத் தடவை துளையில் பூத்த வெள்ளை இல்லை. உள்ளே, முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாக உப்பு. எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மூன்றாவது தடவை. அதே சில்லு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கை வேலை ஆறு நாள் தாங்கவில்லை என்றால் அது எனக்கு அவமானம் இல்லையா? மாடி டாங்கியைப் பார்த்தேன், பைப்பைப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. யோசித்தேன். வெளியே பூத்த உப்பை யாரோ கத்தியால் சுரண்டி உள்ளே தள்ளுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அறையைக் கழுவித் துடைப்பது யார்? பரமேஸ்வரி. நீ சுரண்டினாயா என்று கேட்டேன். ஏணி போட்டு ஏறி அதைத் தொட எனக்கு என்ன வேண்டுதலா என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சீட்டில் காரணம் என்ற பத்தியில், எனக்குத் தெரிந்த இந்தியில், அறை உதவியாளர் தவறாகச் சுத்தம் செய்வதால் அடைப்பு ஏற்படுகிறது, அலட்சியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மண்டல் சாப் அதைப் படித்துவிட்டு, பத்தி நிரம்பியிருந்ததால், கோப்பில் வைத்தார்.

பரமேஸ்வரி அப்போது நிரந்தர ஊழியர் இல்லை. பதினான்கு வருடமாகத் தினக்கூலி மஸ்தூர். புருஷன் துறைமுக ஜெட்டியில் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டில் படுத்திருந்தான். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வருடம்தான் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. பட்டியல் மேலே போக மூன்று வாரம் இருந்தது.

அப்போது வந்தார் ஒரு பெரிய சாப். தலை முழுக்க சோப்பு நுரையோடு நின்றவருக்கு ஷவர் நின்றுபோனது. துண்டைக் கட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கத்தினாராம். போகும்போது வருகைப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கே நான் போய் நான்காவது தடவையாக அடைப்பை எடுத்தேன். விசாரணை முடிகிற வரை அறையை யாரும் தொடக் கூடாது என்று மண்டல் சாப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் பரமேஸ்வரி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம். இந்தியில் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஆபீஸ் இந்தியைப் படிக்க வராது.

"மெமோவாம்ண்ணே. என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. பதிலும் நீங்கதான் எழுதித் தரணும்" என்றாள்.

படித்தேன். தொடர்ந்த அலட்சியத்துக்காக உன்னை ஏன் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, ஏழு நாளில் பதில் சொல் என்று இருந்தது. சான்றாக ஓர் இணைப்பு. திருப்பிப் பார்த்தேன். என் சீட்டின் நகல். என் எழுத்து, என் கையெழுத்து. அதையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் நான் படித்ததில்லை.

"இத யாருண்ணே எழுதுனது?"

"நான்தான்" என்றேன்.

 காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். என் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். இருந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னோம், கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், டீயில் சர்க்கரை இல்லை என்று மனைவியிடம் சண்டை போட்டேன். சர்க்கரை இருந்தது.

மறுநாள் காலையில் மண்டல் சாபிடம் போய் மூன்றாம் எண் சாவியைக் கேட்டேன். எதற்கு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அறையைத் திறக்கும்போது பரமேஸ்வரியும் வந்து வாசலில் நின்றாள். நான் மாட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் யாரும் கால் வைக்கவில்லை. ஷவரைத் திறந்தேன். முதலில் கொட்டியது. அரை நிமிடத்தில் பாதியாகி, பிறகு மூன்று நூலாக வடிந்தது. கழற்றிப் பார்த்தால் அதே சில்லு, கைப்பிடி அளவுக்கு. பூட்டிக் கிடந்த அறையில் எந்தக் கத்தி வந்து சுரண்டியது? ஏணி மேலேயே நின்றேன். தண்ணீரை மூடியதும் அறை அமைதியாகிவிட்டது. அப்போதுதான் கேட்டது. தலைக்கு மேலே, வெள்ளைப் பெட்டிக்குள், வடை பொரிகிற சத்தம்.

கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டிய அறையில், ஆள் இல்லாமல், இரவும் பகலும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. யார் போட்டது என்று பரமேஸ்வரியிடம் கேட்டேன். சீசன் தொடங்கியபோது மண்டல் சாப் போகிற போக்கில் சொன்னாராம், சாபுகள் எப்போது கேட்டாலும் சுடுதண்ணீர் வர வேண்டும், அணைக்கவே அணைக்காதே என்று. அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் அவள் அணைக்கவில்லை.

இதை மெயின்லாந்தில் ஒரு பிளம்பரிடம் சொன்னால் சிரிப்பான். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு கல்லாகப் படியும், கல் வெடித்துச் சில்லாகிச் சுடுதண்ணீரோடு ஷவருக்கு வரும், இது தெரியாதா என்பான். தெரியும். ஆனால் எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றால், நான் பிறந்ததிலிருந்து சுடுதண்ணீரில் குளித்ததில்லை. எங்கள் தீவுகளில் வருடம் முழுக்க வியர்க்கும். சுடுதண்ணீர் என்றால் காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான். டெலானிபூரில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் கீசர் கிடையாது. அந்த வெள்ளைப் பெட்டி மெயின்லாந்து சாபுகளுக்காகச் சுவரில் தொங்குகிற ஓர் அலங்காரம் என்பது போலத்தான் என் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. நான்கு தடவை அதற்குக் கீழே ஏணி போட்டு நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கழற்றலாம் என்றால் அது என் சாமான் இல்லை. கரண்ட் பிரிவு அப்பாராவைக் கூட்டி வர வேண்டும். அவர் வந்து ஒரு அரை மணி நேரம் வாதாடினார். கரண்ட் வருகிறது, சுடுகிறது, விளக்கு எரிகிறது, என் பக்கம் ஒரு குறையும் இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீர் உன்னுடையது என்றார். வெளியே வருகிற தண்ணீர்தான் என்னுடையது, உள்ளே இருப்பது உங்களுடையது என்றேன் நான். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பெட்டியின் உள்பக்கம் யாருக்குச் சொந்தம் என்று சண்டை போடுவதைப் பரமேஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் மேலே போக அன்றைக்கு ஒன்பது நாள் இருந்தது. கடைசியில் அவர் மெயினை அணைத்து, ஆறும் வரை உட்கார்ந்திருந்து, சுடுதண்ணீர் வெளிவரும் குழாயைக் கழற்றினார். கீழே வாளி வைத்தேன். அழுக்குத் தண்ணீரோடு கல்லும் சில்லுமாகக் கொட்டியது. வடிகட்டியதில் என் டிபன் பாக்ஸ் நிறைந்துவிட்டது.

அந்த டிபன் பாக்ஸை அப்படியே கொண்டுபோய் மண்டல் சாபின் மேசை மேல் வைத்துத் திறந்தேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். ஒரு சில்லை எடுத்து விரலால் நெரித்துப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"லிக் கே தோ."

எழுதத்தான் வந்தேன் என்றேன். அவர் உடனே காகிதத்தைத் தள்ளவில்லை. நீ முன்னால் எழுதியது தப்பு என்று இப்போது எழுதினால், அந்த மெமோ உன் பெயருக்குத் திரும்பும், உன் சர்வீஸ் புத்தகத்தில் ஏறும், யோசித்துக்கொள் என்று மெல்லிய குரலில் சொன்னார். பரமேஸ்வரி மேல் இருக்கிற மெமோவை நீங்களே கிழித்துப் போடக் கூடாதா என்று கேட்டேன். எழுதியதை எழுத்துதான் அழிக்கும், நான் அழிக்க முடியாது என்றார். அந்த நேரத்தில் அவருடைய பொறுமையான முகத்தைப் பார்க்க எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் செயலாளர் அச்சில் போட மாட்டார்.

எழுதினேன். அடைப்புக்குக் காரணம் கீசருக்குள் படிந்த உப்பு. அதை நான் பார்க்கவில்லை. உதவியாளர் சுரண்டினார் என்று நான் எழுதியது பார்க்காமல் எழுதியது. அவர் மேல் தவறு இல்லை, தவறு என்னுடையது. கையெழுத்து. மண்டல் சாப் படித்தார். ஒரு கேள்வி கேட்டார்.

"கீசர் தின் ராத் சாலு ரக்னே கோ கிஸ்னே போலா?"

கீசரை இரவும் பகலும் போட்டு வைக்கச் சொன்னது யார் என்று. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.  காகிதத்தின் மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாள் ஒரு அசைவும் இல்லை. காகிதத்தை அமுக்கிவிட்டார் என்றே நினைத்தேன். கேன்டீனில் உட்கார்ந்து லிக்கேதோ சாபின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்றாம் நாள் ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டுக் காட்டினார். காகிதம் மேலே போகத் தயாராக இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே வேறு மையில் ஒரு வரி. கீசரை அணைக்காமல் வைக்கும்படி வாய்மொழியாக உத்தரவிட்டது நான், எழுத்தில் கொடுக்கவில்லை. கீழே மண்டல் சாபின் கையெழுத்து, தேதியோடு. நான் பார்த்த வரை அவர் சர்வீஸில் எழுதாமல் போட்ட உத்தரவு அது ஒன்றுதான். அதையும் எழுதிவிட்டார். இதைப் பற்றி அவர் என்னிடம் கடைசி வரை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவருக்கு என்ன வந்தது என்று தெரியாது. டிபன் பாக்ஸ் திரும்பி வரவே இல்லை. புதிது வாங்கிக்கொண்டேன்.

மெமோ ரத்தானது. பட்டியல் போனது. நான்கு மாதம் கழித்துப் பரமேஸ்வரிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். மண்டல் சாபுக்கு, கிளார்க்குக்கு, அப்பாராவுக்கு. கடைசியாக என்னிடம் வந்து நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

"அண்ணே, டாங்கியப் பார்த்தீங்க, பைப்பப் பார்த்தீங்க, ஷவர நாலு தடவ கழட்டிப் பார்த்தீங்க. மொத நாளே நான் சொன்னேன்ல, கீசர்ல சத்தம் கேக்குதுன்னு. என்ன சொன்னீங்க?"

எனக்கு நினைவிருந்தது. லட்டு வாயில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதுதான் என் அனுபவம். இதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தேன், எத்தனையோ ஷவர் கழற்றினேன். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டு, நீரின் நாடி அறிந்தவர் என்று ஒருவர் பேசினார். கீழே உட்கார்ந்திருந்த பரமேஸ்வரி சிரித்தாள்.

போன மாதம் அவள் கூப்பிட்டதும் சிப்பிகாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் வீடு. பின்புறம் பிலிம்பி மரம் நிற்கிறது. ஒரு பை காய் பறித்துக்கொண்டு, பழைய ஸ்பேனரையும் துணியையும் எடுத்துக்கொண்டு, வழி முழுக்க அந்தச் செயலியைத் திட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் எண் அறை அதே அறைதான், டைல்ஸ் மட்டும் மாறியிருந்தது. கீசர் இருந்த இடத்தில் சுவரில் நான்கு ஓட்டை. ஏணி தயாராகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பரமேஸ்வரிக்குத் தலை நரைத்துவிட்டது. அதே வாசலில் அதே மாதிரி நின்றாள்.

பழக்கதோஷம், ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பிறகு இறங்கினேன்.

"சொல்லு பரமேஸ்வரி. இந்தத் தடவ என்ன சத்தம் கேக்குது?"

"சத்தமெல்லாம் இல்லண்ணே" என்றாள். "ரெண்டு மாசம் முன்னாடி கீசரக் கழட்டிட்டு, மாடியில சோலார் வச்சாங்க. பகல் முச்சூடும் தண்ணி கொதிச்சுக்கிட்டே கெடக்கு. அந்தப் பையங்ககிட்டயும் சொன்னேன். அது எங்க வேலை இல்லன்னுட்டானுங்க."

நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.